உப்புக் காற்றில் தாழ்பட்டை கேட்பது: ராமநாதபுரம் கடற்கரையில் இரைச்சல் குறைந்த ஆன்டெனா அமைக்க ஒரு வழிகாட்டி

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கடற்கரையில் எங்கிருந்து ஹாம் ரேடியோ தொடங்கினாலும், புதியவர் முதலில் முட்டி நிற்கும் இடம் 80 மீட்டர், 160 மீட்டர் ஆகிய தாழ்பட்டைகளின் இரைச்சல்தான். 40 மீட்டரில் ஓரளவு சமாளித்துவிடலாம். 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியதும், சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரின் முள் ஒன்பதுக்கு அருகே ஏறி நின்றுவிடும். எதிர்முனையில் இருப்பவர் நம்மைத் தெளிவாகக் கேட்பார், நமக்கோ அவர் இருப்பதே தெரியாது. இதைச் சரிசெய்ய நான் நெடுநாள் அலைந்தேன். கேட்ட யோசனைகளில் பாதி உள்நாட்டு நிலத்துக்கும் வேறு தட்பவெப்பத்துக்கும் உரியவையாக இருந்ததால் அந்த அலைச்சல் நீண்டது. இந்தக் கரைக்கு எது பொருந்தும், எந்த வரிசையில் செய்தால் பணமும் நாளும் வீணாகாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தாழ்பட்டைகளில் ஆன்டெனா வெளியிலிருந்து கொண்டுவரும் இரைச்சல், ரிசீவருக்குள் தானாகப் பிறக்கும் இரைச்சலைவிட மிக அதிகம். ஆகவே ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் சமிக்ஞையும் இரைச்சலும் ஒன்றாகவே வளரும், இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாது. மீன் ஏலக் கூடத்தில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசும்போது நாம் காதை அவர் பக்கம் திருப்புகிறோம், கூடத்தின் சத்தத்தை மேலும் பெருக்கிக் கேட்பதில்லை. கேட்பதற்கென்றே தனியாகக் கட்டும் ஆன்டெனாவின் வேலையும் அதுதான். அது அனுப்பும் ஆன்டெனாவைவிட 20, 30 டெசிபல் பலவீனமாக இருந்தாலும், இரைச்சல் வரும் திசையை அடைத்துவிட்டால் அதில்தான் தெளிவாகக் கேட்கும்.

1. காகிதங்களை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

அமெச்சூர் நிலைய உரிமத்தில் நிலையத்தின் முகவரி இருக்கும். நீங்கள் ராமநாதபுரம் நகரத்தில் உரிமம் பெற்று, ஆன்டெனாவைக் கடற்கரைத் தோட்டத்தில் கட்டி அங்கிருந்து அனுப்பப் போகிறீர்கள் என்றால், முகவரி மாற்றத்தை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தின் வழியாக முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். உரிமத் தாளில் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இந்தியாவில் 80 மீட்டர், 160 மீட்டர் பட்டைகளில் நமக்குக் கிடைக்கும் பகுதி, வெளிநாட்டுக் கையேடுகளில் அச்சிட்டிருப்பதைவிடக் குறுகியது.

நிலம் உங்களுடையது இல்லையென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அதனுடன் பட்டா நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டிய மணல்வெளி பலவும் புறம்போக்கு. அங்கே யாரும் தடுக்கவில்லை என்பதற்காகக் கம்பு நடாதீர்கள். கம்பி பாதையையோ மின்கம்பியையோ குறுக்கே கடக்கக் கூடாது.

நம் கரை இலங்கைக்கு மிக அருகில் இருப்பதால் கடலோரப் பாதுகாப்பு எப்போதும் விழிப்பாகவே இருக்கும். வெட்டவெளியில் கம்பு நட்டுக் கம்பி கட்டி, இரவில் காதில் ஹெட்போனுடன் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி யாரேனும் தகவல் சொல்வது இயல்பு. கம்பு நடுவதற்கு முன்பே உள்ளூர்க் காவல் நிலையத்தில் உரிமத்தின் நகலையும் ஒரு பக்கக் கடிதத்தையும் கொடுத்து, ஒப்புகை முத்திரை பெற்றுவிடுங்கள். ஒரு காலை நேரம் போதும். அந்த முத்திரையிட்ட தாளின் நகல் ஒன்று எப்போதும் கருவிப் பையில் இருக்கட்டும்.

2. எதையும் வாங்கும் முன் இரைச்சலைக் குறித்து வையுங்கள்

ரிசீவரிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் எதையும் பிடிக்காத 50 ஓம் மின்தடையான டம்மி லோடைப் பொருத்தி மீட்டர் காட்டுவதைக் குறியுங்கள். பிறகு ஆன்டெனாவைப் பொருத்திக் குறியுங்கள். முள் எவ்வளவு தாவுகிறதோ அவ்வளவும் வெளியிலிருந்து வருவது. ஒவ்வொரு முறையும் ஒரே பட்டையகலத்தை, சொல்லப்போனால் 500 ஹெர்ட்ஸை, வைத்து அளக்க வேண்டும். பட்டையகலம் பத்து மடங்கானால் இரைச்சலும் 10 டெசிபல் ஏறும் என்பதால், ஒரு நாள் குறுகலாகவும் மறுநாள் அகலமாகவும் வைத்து அளந்தால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

விடியலுக்கு முன், நடுப்பகல், இரவு எட்டு மணி, நள்ளிரவு ஆகிய நான்கு வேளைகளிலும் 40, 80, 160 மீட்டர் ஆகிய மூன்று பட்டைகளிலும் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். இதில் நடுப்பகல் குறிப்புதான் மிக மதிப்புள்ளது. பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு தாழ்பட்டைகளை விழுங்கிவிடுவதால் தொலைதூர இரைச்சல் நம்மை வந்து சேராது. அருகில் இடி இல்லாத நடுப்பகலில் 160 மீட்டரில் கேட்கும் இரைச்சல் ஏறக்குறைய முழுவதும் உங்கள் வீட்டிலும் தெருவிலும் பிறப்பதே. அதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வேளையும் ஒலியும் சேர்ந்து மூலத்தைக் காட்டிக்கொடுக்கும். சூரியன் ஏறும்போது தொடங்கி மாலையில் அடங்குவது சோலார் இன்வெர்ட்டர் அல்லது சார்ஜ் கன்ட்ரோலர். அந்தி முதல் விடியல் வரை மாறாமல் இருப்பது எல்இடி தெருவிளக்கு. ஸ்பெக்ட்ரம் திரையில் சம இடைவெளியில் மேடுமேடாக எழுந்து, மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது ஏதோவொரு அடாப்டர் அல்லது சார்ஜர். இறால் பண்ணைகளுக்கு அருகில் இருப்பவர்கள் நள்ளிரவுக்குப் பின் கூடுகிற இரைச்சலைக் கவனியுங்கள். குளத்து நீரில் ஆக்சிஜன் குறையும் அந்த வேளையில்தான் ஏரேட்டர்கள் முழுமூச்சாக ஓடும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக ஓடும் மோட்டார்கள் தாழ்பட்டையை நன்றாகவே கெடுக்கும். ஒழுங்கில்லாமல் படபடவென வெடிப்பது இடிமழையின் இரைச்சல். அதற்கு விடை ஐந்தாம் படியில் வருகிறது.

3. வீட்டை முதலில் அடக்குங்கள்

ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இங்கே பெரும்பாலானோர் விழும் பொறி ஒன்று உண்டு. மெயினை அணைத்த நொடியில் வீட்டு யுபிஎஸ் இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கும், அதன் இரைச்சல் பல வீடுகளில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். மெயினை அணைத்தும் குறையவில்லையே, இரைச்சல் வெளியிலிருந்துதான் வருகிறது என்று தவறாக முடிவுகட்டிவிடுவோம். ஆகவே இன்வெர்ட்டரை அதன் சொந்த ஸ்விட்சில் அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகே மெயினை அணைக்க வேண்டும்.

முள் இறங்கினால், எம்சிபி-களை ஒவ்வொன்றாகப் போட்டு எந்தச் சுற்றில் ஏறுகிறது என்று பாருங்கள், பிறகு அந்தச் சுற்றில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பெயர் தெரியாத மலிவு எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், வைஃபை ரவுட்டர் அடாப்டர், பிஎல்டிசி மின்விசிறி, மொபைல் சார்ஜர் ஆகிய ஐந்தும் வழக்கமான குற்றவாளிகள். பல்பையும் சார்ஜரையும் மாற்றிவிடுவது மலிவு. மாற்ற முடியாத பொருளின் மின்கயிற்றை ஃபெரைட் வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் கிளிப் ஃபெரைட்டை ஒருமுறை மாட்டிவிட்டுப் பலனை எதிர்பார்க்காதீர்கள். தடுப்பாற்றல் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 1.8 மெகாஹெர்ட்ஸில் ஒற்றை நுழைவு எதையும் தடுக்காது.

கூரைச் சோலார் இப்போது வேகமாகப் பரவுகிறது. 2024-இல் பிஎம் சூர்யா கர் திட்டம் வந்த பிறகு நம் தெருக்களிலும் பலகைகள் கூடிவிட்டன. உங்கள் வீட்டில் பொருத்தப் போகிறீர்கள் என்றால், பலகையிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் கம்பிகள் இரண்டையும் விலகாமல் ஒட்டியே கொண்டுவரும்படி நிறுவுபவரிடம் வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் விலகிச் சென்றால் கூரையைச் சுற்றி ஒரு பெரிய லூப் ஆன்டெனா உருவாகிவிடும். வேலை முடிந்த பிறகு இதைத் திருத்த யாரும் கூரை ஏற மாட்டார்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளின் இரைச்சலுக்குப் புகார் தேவைப்படாது. அமைதியான பல்பு ஒன்றைக் கையில் கொண்டுபோய், "அண்ணே, இதை ஒரு ராத்திரி போட்டுப் பாருங்க" என்று கேட்டால் மறுப்பவர் அரிது.

4. மின்கம்பத்தின் உப்பு

இந்தக் கரைக்கே உரிய தொல்லை இது. வருடத்தின் மழையில் பெரும்பகுதி நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அதற்கு முந்தைய நீண்ட வறண்ட மாதங்களில் கச்சான் காற்று கொண்டுவரும் கடலுப்பு, பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் கழுவப்படாமல் படிந்துகொண்டே போகும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் மேற்பரப்பில் கசிவு மின்னோட்டம் ஓடி, ஆங்காங்கே காய்ந்த பட்டைகள் உருவாகி, அவற்றின் குறுக்கே சிறு தீப்பொறிகள் தாவும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒவ்வொரு அரைச்சுழற்சிக்கும் ஒன்றாக நொடிக்கு 100 முறை இந்தப் பொறி எழும். ஏஎம் முறையில் கேட்டால் கரகரவென்ற தொடர் உறுமலாக அது காதில் விழும். தாழ்பட்டையில் தொலைதூர நிலையங்கள் வரும் அதே விடியல் வேளையில்தான் இதுவும் உச்சத்தில் இருக்கும்.

வேறொரு வகையும் உண்டு. தளர்ந்த போல்ட், பிடி விட்ட பைண்டிங் கம்பி, துருப்பிடித்த இணைப்பு போன்றவற்றின் இடைவெளியில் பொறி தாவினால், அந்த இரைச்சல் காய்ந்த காற்றில் கூடும், மழை பெய்து நனைந்ததும் நின்றுவிடும். எனவே பனியில் கூடினால் உப்பு, காற்றில் கூடி மழையில் அடங்கினால் தளர்ந்த இணைப்பு என்று கொள்ளலாம். இதைப் புகாரில் எழுதுவது முக்கியம், ஏனென்றால் ஒன்றுக்குக் கழுவலோ பீங்கான் மாற்றமோ தேவை, மற்றதற்கு ஸ்பேனர் போதும்.

கம்பத்தைக் கண்டுபிடிக்கக் கையடக்க ஏஎம் ரேடியோவுடன் தெருவில் நடந்து தொடங்குங்கள். ஆனால் மத்திய அலையில் மின்கம்பி நெடுகிலும் இரைச்சல் ஓடுவதால் கம்பத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அலைவரிசை உயர உயர இரைச்சல் மூலத்துக்கு அருகில் மட்டுமே கேட்கும். 120 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய விமானப் பட்டையை ஏஎம் முறையில் கேட்கும் ரிசீவரும் திசை பார்த்துக் கேட்கும் ஒரு சிறிய யாகி ஆன்டெனாவும் இருந்தால் கடைசிக் கம்பம்வரை போய்விடலாம். கம்பத்தையோ அதன் ஸ்டே கம்பியையோ தட்டிப் பார்ப்பது, ஆட்டிப் பார்ப்பது எதையும் செய்யாதீர்கள். உப்பு அரித்த கம்பியும் இன்சுலேட்டரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது.

மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் புகார் பதிவு செய்யலாம். உங்கள் மின் இணைப்பு எண், கம்பத்தில் எழுதியிருக்கும் எண், பகலில் எடுத்த புகைப்படம், இரண்டு வாரக் குறிப்பின் நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். ரேடியோ இரைச்சல் என்று தொடங்காமல், "இந்த எண் கம்பத்தில் விடியற்காலையில் தீப்பொறி வருகிறது" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, கேட்பவருக்கு உடனே விளங்கவும் செய்யும். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பகுதி உதவிப் பொறியாளரையும் நேரில் பார்த்துவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் புகார் கொடுத்தால் மழைக்கு முந்தைய பராமரிப்பு வேலைகளோடு இதுவும் சேர வாய்ப்பு இருக்கிறது. அப்படிச் சேராவிட்டாலும் முதல் கனமழை உப்பைக் கழுவியதும் இரைச்சல் தெளிவாகக் குறையும். தளர்ந்த இணைப்பு மட்டும் மழைக்குப் பின் திரும்ப வரும், அதற்கு விடாமல் நினைவூட்ட வேண்டும்.

5. எந்த ஆன்டெனா

தாழ்பட்டை என்றதும் எல்லோரும் பரிந்துரைப்பது பெவரேஜ் ஆன்டெனாவை. ஹரால்டு பெவரேஜ் 1920-களில் காப்புரிமை பெற்ற இந்த நீண்ட தாழ்கம்பி அருமையான ஆன்டெனா என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வேலை செய்வதற்கு, நிலத்தின் மேல் ஓடும் அலை சற்றுச் சாய வேண்டும். நிலம் மோசமான கடத்தியாக இருந்தால்தான் அலை சாயும். வாலிநோக்கம் உப்பளத்து நிலமும் தேவிபட்டினத்துச் சேற்றுக் கரையும் அருமையான கடத்திகள். அங்கே அலை நிமிர்ந்தே ஓடுவதால் பெவரேஜ் கம்பியில் போதிய மின்னழுத்தம் எழாது. 160 மீட்டருக்கு ஓர் அலைநீளக் கம்பியே 160 மீட்டருக்கு மேல் போகும் என்பதால், இந்தக் கரையில் அதற்காக நிலம் தேடி அலைய வேண்டாம். கடலை விட்டு நன்றாக உள்ளே, காய்ந்த நிலம் நீளமாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

கடலோரத்துக்கு நான் பரிந்துரைப்பது ஃபிளாக் எனப்படும் செவ்வக லூப். ஏறத்தாழ 8.8 மீட்டர் நீளம், 4.3 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் லூப்பைக் கேபிளோடு பொருத்தும் சிறு டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கத்தில் ஒரு மின்தடை, அவ்வளவுதான். அது தரையைத் துணைக்கு அழைப்பதில்லை. ஆகவே கீழே உப்புச்சேறா, கோடையில் காய்ந்துவிடும் தேரி மணலா என்பதைப் பொறுத்து அதன் குணம் பெரிதாக மாறாது. கே9ஏஒய் எனப்படும் இன்னொரு வகை லூப்பும் நல்லதே. ஒற்றைக் கம்பத்தில் நிற்கும், திசையை ஸ்விட்சால் மாற்றலாம். ஆனால் அதன் மின்தடை தரையோடு இணைவதால், மழைக்காலத்துத் தரையும் மே மாதத்துத் தரையும் வெவ்வேறாக இருக்கும் நம் ஊரில் அடிக்கடி சரிசெய்ய நேரும்.

ஃபிளாக் டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கத்திலிருந்து வருவதை நன்றாகக் கேட்கும், மின்தடை இருக்கும் பக்கத்தை அடைக்கும். பெவரேஜுக்கு இது நேர் எதிர் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு திருப்பிக் கட்டிவிடுகிறார்கள், கவனம். இங்கிருந்து ஐரோப்பா வடமேற்கில், ஜப்பான் வடகிழக்கில், ஆஸ்திரேலியா தென்கிழக்கில் இருக்கிறது. தாழ்பட்டைக்கு மிகச் சிறந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் தெற்கு அரைக்கோளத்தில் கோடை. இந்தோனேசியாவும் வட ஆஸ்திரேலியாவும் அப்போது இரவெல்லாம் இடிமழையில் இருக்கும். அந்த இரைச்சல் நமக்குத் தென்கிழக்கிலிருந்து வருகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தை வடமேற்கு நோக்கிக் கட்டினால், ஐரோப்பா முன்னாலும் இடிமழை முதுகுப்புறத்திலும் அமைந்துவிடும். நம் இருப்பிடம் நமக்குத் தரும் பெரிய அனுகூலம் இது. உங்கள் ஊரின் மின்கம்பியும் வடமேற்கிலேயே இருந்தால் மட்டும் வேறு திசையை யோசிக்க வேண்டும்.

6. கட்டும் முறை

வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, குறைந்தது 30 மீட்டராவது விலகி இடம் பாருங்கள். அனுப்பும் ஆன்டெனாவிலிருந்தும் அதே அளவு விலக வேண்டும், இல்லையென்றால் அது பிடித்த இரைச்சலை மறுபடி உமிழ்ந்து லூப்புக்குள் கொட்டும். இரண்டு சவுக்குக் கம்புகள் போதும், இரும்புக் குழாய் வேண்டாம். கீழ்க்கம்பி இரண்டு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆடுகளும் ஆட்களும் தடையில்லாமல் போகலாம். இழுத்துக் கட்ட மீனவர்களின் கயிற்றுக் கடையில் கிடைக்கும் தடித்த நைலான் கயிறு போதுமானது. வெயில் அதை அரிக்கும் என்பதால் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். கம்பிக்கு வீட்டு வயரிங்குக்கான ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியே நல்லது. அதன் பிவிசி உறையை உரிக்க வேண்டாம், உப்புக் காற்றுக்கு அதுவே காப்பு.

டிரான்ஸ்பார்மரை பிஎன்-73-202 என்ற இரட்டைத்துளை ஃபெரைட்டில் சுற்றுங்கள். கேபிள் பக்கம் 2 சுற்று, லூப் பக்கம் 7 சுற்று. ஒரு துளையில் போய் மறு துளையில் திரும்பினால்தான் ஒரு சுற்று என்று கணக்கு. இது 75 ஓமை ஏறக்குறைய 920 ஓமாக மாற்றும். இந்த இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தரை இணைப்பைப் பொதுவாக வைத்த டிரான்ஸ்பார்மர் கடைகளில் தயாராகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். கேபிளின் வெளிக்கூட்டில் ஓடும் இரைச்சலை அது நேராக லூப்புக்குள் விட்டுவிடும்.

எதிர்ப்பக்க மின்தடை 910 ஓமில் தொடங்கலாம், கம்பிச் சுற்று வகையாக இல்லாமல் மெட்டல் ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும். அதை நுட்பமாகச் சரிசெய்ய நம் கரைக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. கடலுக்கு அப்பால், இலங்கையின் புத்தளத்தில் உள்ள 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை நிலையம் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து தென்-தென்கிழக்கில், அதாவது வடமேற்கு நோக்கிய ஃபிளாக்கின் முதுகுப்புறத்தில் வருகிறது. அது ஒலிபரப்பாகும் நேரமாகப் பார்த்து, வெளிச்சம் இருக்கும்போதே, மின்தடைக்குப் பதிலாக 2 கிலோ ஓம் மாற்றுத்தடையை வைத்து அந்த நிலையம் மிகவும் தாழும் இடத்தைப் பிடியுங்கள். மாற்றுத்தடையைக் கழற்றி மீட்டரால் அளந்து, அதே மதிப்புள்ள நிலையான மின்தடையைப் பற்றவையுங்கள். வேறு அலைவரிசையில் செய்யும் சரிபார்ப்பு என்பதால் இது தோராயமே, ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

இணைப்புகளைப் பற்றி ஒன்று. பற்றவைத்த இடங்களை மூடச் சாதாரண சிலிகான் பசையைப் பூசாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது வெளியிடும் அமிலம் செம்பை அரித்துவிடும், பெட்டியைத் திறந்து பார்த்தால் பச்சை பூத்திருக்கும். நியூட்ரல் கியூர் என்று எழுதியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். திருகும் போல்ட்டும் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும்.

7. கேபிள்: பெரும்பாலான ஆன்டெனாக்கள் கெடும் இடம்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஃபிளாக் தரும் சமிக்ஞை மிக மெல்லியது. உங்கள் வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் கோஆக்சியல் கேபிளின் வெளிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஆன்டெனாவரை போய், அங்கிருந்து உட்கம்பிக்குத் தாவித் திரும்பி வரும். அந்த நிலையில் உங்கள் கேபிள்தான் உண்மையான ஆன்டெனா. லூப் வெறும் அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கேபிள் டிவிக்குப் பயன்படும் 75 ஓம் ஆர்ஜி-6 கேபிள் இதற்குப் போதும், அதன் இழப்பு தாழ்பட்டையில் பொருட்படுத்தத் தக்கதன்று. வெளிக்கூட்டில் ஓடும் இரைச்சலைத் தடுக்க, ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிய சோக் வேண்டும்: ஆன்டெனாவிலிருந்து சில மீட்டர் தள்ளி ஒரு சோக், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக் என்று இரண்டு வேண்டும். எஃப்டி240-31 வளையத்தில் மெல்லிய கேபிளை, ஆர்ஜி-179 கிடைத்தால் அதையே, 12 முதல் 14 சுற்று சுற்றினால் 1.8 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரை சில ஆயிரம் ஓம் தடை கிடைக்கும். ஆர்ஜி-6-ஐ அந்த வளையத்தில் வளைக்காதீர்கள், உள்ளே நசுங்கிவிடும். 31 என்ற கலவை எண் முக்கியம். எண் இல்லாத கறுப்பு வளையங்களை மலிவாக விற்பார்கள், அவை எந்தக் கலவை என்று யாருக்கும் தெரியாது. நானோவிஎன்ஏ என்ற அளவுகருவி வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோய் அளக்காமல் அவற்றை நம்ப வேண்டாம்.

முதல் சோக்குக்கு வீட்டுப் பக்கமாக, கேபிளின் வெளிக்கூட்டைச் செப்புப் பூசிய தரைக்கம்பி ஒன்றில் இணையுங்கள். ஈர உப்பு மண் இதற்கு மட்டும் நமக்கு நண்பன், ஒரு மீட்டர் இறங்கினாலே நல்ல தரை கிடைத்துவிடும். கால்வனைஸ் குழாயை அடித்தால் சீக்கிரமே துருவாகிவிடும். மிஞ்சிய கேபிளைத் தரையோடு தரையாக, முடிந்தால் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துக் கொண்டுவாருங்கள்.

இப்போது சோதனை. டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் திறந்து, லூப் கம்பிகள் இரண்டையும் கழற்றி, அந்த முனைகளில் 910 ஓம் மின்தடை ஒன்றை மட்டும் மாட்டுங்கள். கேபிளையும் சோக்குகளையும் தரைக்கம்பியையும் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்து ரிசீவரைக் கேளுங்கள். ஆன்டெனாவே இல்லாததால், டம்மி லோடு வைத்தபோது கேட்ட அதே அமைதி கேட்க வேண்டும். நிலையங்களோ உறுமலோ கேட்டால் அது முழுவதும் கேபிள் வழியாக வருவது. அப்போது சோக்கைக் கூட்டுங்கள், டிரான்ஸ்பார்மரின் இரு சுருள்களும் தொடுகின்றனவா என்று பாருங்கள், ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறும்வரை மின்தடையின் மதிப்பையோ திசையையோ தொடுவதில் பொருளே இல்லை. முதுகுப்புறம் அடைபடவில்லை என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

8. முன்பெருக்கி தேவையா

நடுப்பகலில், இரைச்சல் மிகக் குறைந்த வேளையில், ஃபிளாக்கைப் பொருத்தும்போது ரிசீவரின் இரைச்சல் சற்றேனும் ஏறினால், ரிசீவருக்கு முன்னால் சமிக்ஞையைப் பெருக்கும் முன்பெருக்கி வேண்டாம். 80 மீட்டரில் பெரும்பாலும் ரிசீவருக்குள்ளேயே இருக்கும் பெருக்கி போதும். 160 மீட்டரில் தனியாக ஒன்று தேவைப்படலாம். அப்படியானால் அதை வீட்டுக்குள்ளேயே, உப்புக் காற்று படாத இடத்தில் வையுங்கள்.

அதற்கு முன்னால் மத்திய அலையை அடைக்கும் ஹைபாஸ் வடிகட்டி கட்டாயம். தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸும் புத்தளத்தின் 882 கிலோஹெர்ட்ஸும் கடலின் மேல் அதிகம் தளராமல் இங்கே வந்து சேரும். இரண்டும் முன்பெருக்கிக்குள் கலந்தால் அவற்றின் கூட்டுத்தொகையான 1935 கிலோஹெர்ட்ஸில் பாட்டும் பேச்சும் கேட்கும். 882-இன் நான்காம் மடங்கு 3528, அது நேராக 80 மீட்டரின் மோர்ஸ் பகுதியில் விழும். அந்த இடங்களில் ஒலிபரப்புப் போன்ற ஒன்று கேட்டால், முன்பெருக்கியை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அது மறைந்துவிட்டால் உங்கள் கருவிக்குள்ளேயே பிறந்தது என்று பொருள்.

9. கருவியைக் காப்பாற்றுங்கள்

கேட்பு ஆன்டெனாவுக்கெனத் தனி நுழைவாய் உள்ள டிரான்ஸீவரில் பெரிய வேலை இல்லை. கையால் கட்டிய பிட்எக்ஸ் போன்ற கருவிகளுக்கு, அனுப்புவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தியதும் ஃபிளாக்கை விலக்கித் தரையோடு இணைக்கும் ரிலே ஒன்று வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால் ரிசீவரின் முன்பகுதி எரிந்துபோகலாம்.

ஏப்ரல், மே மாலைகளிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி தூரத்தில் கேட்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு உள்ளே கழற்றி வைப்பது காப்பாகாது.

10. செலவும் காலமும்

எனக்கு ஆன செலவைத் தோராயமாகச் சொல்கிறேன், விலை கடைக்குக் கடை மாறும். ஆர்ஜி-6 நூறு மீட்டர்ச் சுருள் 1,500 முதல் 2,500 ரூபாய், 31 கலவை வளையம் இரண்டு சேர்ந்து 2,500 ரூபாயை ஒட்டி, டிரான்ஸ்பார்மர் ஃபெரைட்டும் மின்தடைகளும் 300 ரூபாய்க்குள், லூப் கம்பி 600, சவுக்குக் கம்புகளும் கயிறும் 800, தரைக்கம்பியும் எவர்சில்வர்ச் சாமான்களும் ஆயிரத்துக்குச் சற்று மேல். எட்டாயிரம் ரூபாய் எடுத்துவைத்தால் போதும். ஃபெரைட்டை மட்டும் முதலிலேயே வரவழைத்துவிடுங்கள். உள்நாட்டில் இருப்பு இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் சுங்கத்தையும் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். மற்ற எல்லாம் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும்.

ஜூலையில் குறிப்பெடுக்கத் தொடங்கி, ஆகஸ்டில் வீட்டையும் மின்வாரியப் புகாரையும் முடித்து, செப்டம்பரில் கம்பு நட்டுவிட்டால், மழை மண்ணை இறுக்கிக் கொடுக்கும். வாடைக்காற்று வீசத் தொடங்கிய பிறகு கம்பு நடுவது இருமடங்கு வேலை. டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும், சூரியன் உதிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை ஐரோப்பாவுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்து மின்தடையை ஒருபுறம் கழற்றி அளங்கள், அருகில் விழுந்த இடி அதன் மதிப்பை மாற்றியிருக்கலாம். ஏழாம் படியில் சொன்ன கேபிள் சோதனையை மறுபடி செய்யுங்கள். இணைப்பியில் உப்பு ஏறியிருந்தால் அந்தச் சோதனையில்தான் முதலில் தெரியும், கேட்கும்போது தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே.